லூப் நூல் தட்டுப்படவில்லையா? தென்னாப்பிரிக்காவில் இருக்கும் நம் பெண்களுக்கு முழுமையான வழிகாட்டி

"விழுந்திருக்கும், விடு." கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனமான லூப், அதாவது காப்பர் டி, அதன் நூல் கையில் தட்டுப்படவில்லை என்று சொல்லும் பெண்ணுக்கு மாமியார் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் கிடைக்கும் பதில் இது. சில நேரம் கிளினிக் சிஸ்டரும் இதையே சொல்லி அனுப்பிவிடுவார். இந்தக் கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: அது விழுந்ததைக் கண்ணால் பார்க்கவில்லை என்றால், வயிறு முழுக்கத் தெரியும்படி ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கும்வரை, விழுந்துவிட்டது என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

டர்பன், ஃபீனிக்ஸ், சாட்ஸ்வொர்த் பக்கம் காலங்காலமாக வாழும் குடும்பங்களுக்கும், வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டு கூட்டத்துக்கும் பிரச்சினை ஒன்றுதான். ஆனால் அது தொடங்கும் இடம் வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

உடனே ஓட வேண்டிய நேரம்

படிப்படியாகப் போகப் பொறுமை இருக்கக் கூடாத சில அறிகுறிகள் உண்டு. அடிவயிற்றில், குறிப்பாக ஒரு பக்கமாக, தாங்க முடியாத வலி. மயக்கம் வருவது. தோள்பட்டை நுனியில் காரணம் தெரியாத வலி. காய்ச்சலோடு துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல். ஒரு மணி நேரத்துக்கு இரண்டு பேட் நனைகிற அளவு உதிரப்போக்கு. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

தோள்பட்டை வலிக்கும் கருப்பைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்து, ரத்தம் வயிற்றுக்குள் கசிந்தால் அது உதரவிதானத்தை உறுத்தும். அந்த வலி தோளில்தான் தெரியும். இது உயிர் போகிற விஷயம்.

ஆம்புலன்ஸுக்கு 10177. கைபேசியிலிருந்து 112. விசா, ஐடி, மெடிக்கல் எய்டு (மருத்துவக் காப்பீடு) எதுவும் கையில் இல்லாவிட்டாலும் அவசர சிகிச்சையை மறுக்க முடியாது. தென்னாப்பிரிக்க அரசியலமைப்பின் 27ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவே அதைச் சொல்கிறது. வரவேற்பு மேசையில் யாராவது காகிதம் கேட்டு நிறுத்தினால் அந்தப் பிரிவின் எண்ணைச் சொல்லுங்கள்.

நூல் காணாமல் போவதற்கு நாலு காரணம்

சாதாரணமானது முதலில். நூல் சுருண்டு கருப்பை வாய்க்குள் ஏறியிருக்கும், காப்பர் டி அதன் இடத்திலேயே இருக்கும். பெரும்பாலும் இதுதான், பயப்பட ஒன்றுமில்லை.

அடுத்தது, உண்மையிலேயே வெளியே விழுந்திருக்கலாம். லூப் போட்டுக்கொள்ளும் பெண்களில் சுமாராக 20 பேரில் ஒருவருக்கு இது நடக்கிறது, அதுவும் பெரும்பாலும் முதல் வருடத்திலேயே. மாதவிடாயின்போது பேடோடு போய்விட்டால் தெரியவே தெரியாது.

மூன்றாவது, கர்ப்பம். கருப்பை பெரிதாகும்போது நூலை மேலே இழுத்துக்கொள்ளும்.

நாலாவதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். காப்பர் டி கருப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வயிற்றுக்குள் போயிருப்பது. 1000 பேருக்குப் போட்டால் ஒருவர் அல்லது இருவருக்கு நடக்கும். பால் கொடுக்கும் காலத்தில், பிரசவமாகிச் சில மாதங்களுக்குள் போட்டால் இந்த ஆபத்து பல மடங்கு கூடுகிறது, ஏனென்றால் அப்போது கருப்பைச் சுவர் மென்மையாக இருக்கும். போடும்போது பெரிய வலி வந்திருக்க வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எதுவுமே தெரியாமல் இருந்து, வருடக்கணக்கு கழித்து வேறு ஏதோ காரணத்துக்கு எடுத்த எக்ஸ்ரேயில் இடுப்பெலும்புக்கு மேலே சாய்ந்து கிடக்கும் வெள்ளை 'டி' எழுத்தாகத் தெரிந்தவர்கள் உண்டு.

படி 1: இன்றைக்கே வீட்டில் செய்ய வேண்டியது

கையைக் கழுவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலால் தேடிப் பாருங்கள். கருப்பை வாய் மூக்கு நுனியைப் போலக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். அதிலிருந்து மெல்லிய பிளாஸ்டிக் நூல் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நூல் இல்லாமல் கெட்டியான குச்சி முனை தட்டுப்பட்டால், காப்பர் டி பாதி வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். இழுக்காதீர்கள், உள்ளே தள்ளவும் வேண்டாம். கிடைக்கவில்லை என்றால் ரொம்பக் குடைந்து தேட வேண்டாம். கிளினிக்கில் விளக்கு வைத்துப் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் கர்ப்பப் பரிசோதனை. மருந்துக்கடையில் வாங்கும் குச்சியே போதும். அன்றிலிருந்து ஆணுறை கட்டாயம், ஏனென்றால் இடம் மாறிய காப்பர் டியை நம்ப முடியாது. கடந்த 5 நாட்களுக்குள் உறவு நடந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரை பற்றி உடனே கேளுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் கிடைக்கும், அரசு கிளினிக்கில் இலவசம். எவ்வளவு சீக்கிரம் போடுகிறீர்களோ அவ்வளவு பலன்.

படி 2: காகிதத்தைத் தேடுங்கள்

இங்கேதான் நான் மேலே சொன்ன வித்தியாசம் வருகிறது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் பிரசவம் முடிந்த கையோடு, சிசேரியன் என்றால் வயிற்றைத் தைப்பதற்கு முன்பே, காப்பர் டி வைத்துவிடுவது சகஜம். வலியிலும் குழந்தையைப் பார்க்கும் அவசரத்திலும் எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பது பலருக்கு நினைவிருக்காது. ரெண்டு வருடம் கழித்து டர்பன் அருகே உம்லாங்காவில் குடியேறி, இரண்டாவது குழந்தைக்கு முயற்சி செய்து தங்காமல், ஸ்கேன் எடுக்கும்போதுதான் "உள்ளே லூப் இருக்கிறதே" என்று டாக்டர் சொல்லக் கேட்டுத் திகைத்துப் போன ஒரு பெண்ணை எனக்குத் தெரியும்.

எனவே ஊரில் பிரசவமானவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துப் பாருங்கள். அம்மா வீட்டுப் பீரோவில்தான் இருக்கும், படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். 'பிபிஐயூசிடி' (பிரசவத்தோடு வைக்கும் லூப்) என்றோ 'சியூடி 380ஏ' என்றோ '375' என்றோ எழுதியிருந்தால் உங்களுக்கு வைத்திருக்கிறார்கள். 380ஏ என்றால் 10 வருடம் தாங்கும், 375 என்றால் 5 வருடம். பிரசவத்தோடு வைத்ததில் நூல் கீழே இறங்காமலேயே போவது அதிகம், குறிப்பாக சிசேரியனில். தானாக வெளியேறுவதும் இதில் கூடுதல். அதனால் நூல் இல்லை என்பதை வைத்து மட்டும் பதற வேண்டாம். ஆனால் ஸ்கேன் பார்க்காமலும் இருக்க வேண்டாம்.

இங்கேயே போட்டுக்கொண்டவர்களிடம் கிளினிக் அட்டை இருக்கும். போட்ட தேதி, எந்த வகை, கடைசி மாதவிடாய் தேதி, இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

படி 3: கிளினிக்

அரசு கிளினிக்கில் கருத்தடை சார்ந்த சேவை இலவசம். காலையிலேயே போய்விடுங்கள். எட்டு மணிக்குப் போனால் வரிசை கேட்டைத் தாண்டியிருக்கும். மடக்கு நாற்காலியும் ஃபிளாஸ்கில் டீயும் எடுத்துப்போகிற பாட்டிமார்களுக்கு இந்த விவரம் நம்மைவிட நன்றாகத் தெரியும்.

சிஸ்டரிடம் சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: "மிஸ்ஸிங் ஸ்ட்ரிங்ஸ்." இந்த இரண்டு சொல் போதும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியும். ஸ்பெக்குலம் (பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் கருவி) வைத்துப் பார்ப்பார்கள். நூல் கருப்பை வாயிலேயே ஒளிந்திருந்தால் சிறு பிரஷ்ஷைச் சுழற்றி இறக்கிவிடுவார்கள், வேலை முடிந்தது. இல்லை என்றால் ஸ்கேனுக்குச் சீட்டு வேண்டும். "அடுத்த மாதவிடாய்க்கு அப்புறம் வந்து பாருங்கள்" என்று சும்மா அனுப்பினால், நோயாளி அட்டையில் அதை எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னாலே பாதிப் பேருக்கு மனம் மாறி சீட்டுக் கொடுத்துவிடுவார்கள்.

உடன் கணவர் வர வேண்டும், சம்மதிக்க வேண்டும் என்றெல்லாம் இந்த நாட்டில் எதுவும் கிடையாது. 12 வயது முடிந்த பெண்ணுக்கே பெற்றோர் அனுமதியின்றி கருத்தடை பெறும் உரிமையை 2005ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் கொடுத்திருக்கிறது. வீட்டில் வளர்ந்த மகள் இருந்து, அவள் நூல் பற்றிக் கேட்டால், எப்போது போட்டாய் என்ற விசாரணையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் கிளினிக்.

படி 4: முதலில் ஸ்கேன், அப்புறம் எக்ஸ்ரே

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் கருப்பைக்குள் என்ன இருக்கிறது என்று தெரியும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன் என்றால் இன்னும் தெளிவு. காப்பர் டி அதன் இடத்தில் இருந்தால், கர்ப்பமும் இல்லை என்றால், நூல் இல்லாவிட்டாலும் காலம் முடியும்வரை அப்படியே விட்டுவிடலாம். கழற்றும்போது மட்டும் கொஞ்சம் கூடுதல் வேலை.

ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தால்தான் சிக்கல் தொடங்குகிறது. "காலி" என்று ரிப்போர்ட் வந்ததும் விழுந்துவிட்டது என்று எழுதிவிடுவார்கள். ஸ்கேன் கருப்பைக்குள் பார்க்கத்தான். குடலுக்கு நடுவில் கிடக்கும் காப்பர் டியை அதில் பார்ப்பது கஷ்டம். எக்ஸ்ரேயில் தப்ப முடியாது. ஏனென்றால் அந்தப் பிளாஸ்டிக்கிலேயே எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பேரியம் சல்ஃபேட் கலந்திருக்கிறார்கள், ஹார்மோன் லூப்பான மிரெனாவிலும்தான். கேட்க வேண்டிய விதம் முக்கியம்: இடுப்புப் பகுதி மட்டும் போதாது, விலா எலும்புக்குக் கீழே தொடங்கி இடுப்பெலும்பு முடியும்வரை தெரிய வேண்டும். மேல் வயிற்றில் போய் ஒட்டிக்கொண்ட காப்பர் டி உண்டு. எக்ஸ்ரேக்கு முன் கர்ப்பம் இல்லை என்பதை மறுபடி உறுதி செய்வார்கள்.

இந்த எக்ஸ்ரேயும் காலி என்றால், சரி, விழுந்துதான் போயிற்று. நிம்மதியாக வேறு கருத்தடைக்கு யோசிக்கலாம்.

படி 5: எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து

கருப்பை வாய்க்கு இறங்கி வந்திருந்தால், காப்பர் வகை சரியாக வேலை செய்யாது. எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். எடுப்பதற்கு முந்தைய 7 நாள் உறவைத் தவிர்க்கவோ ஆணுறை போடவோ வேண்டும், இல்லாவிட்டால் எடுத்த பிறகு கரு தங்க வாய்ப்புண்டு. இதைப் பலர் சொல்வதில்லை.

கருப்பைக்குள் இருந்து நூல் மட்டும் இல்லை என்றால், மெல்லிய இடுக்கியால் எடுப்பார்கள். வலிக்கும். மரத்துப்போக ஊசி போடச் சொல்லிக் கேளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டு முறை முயன்று வரவில்லை என்றால் மூன்றாவது முறைக்கு இடம் கொடுக்காமல் ஹிஸ்டெரோஸ்கோப்பி கேளுங்கள். கேமராவைக் கருப்பை வாய் வழியாக உள்ளே விட்டுக் கண்ணால் பார்த்து எடுப்பது அது. சுவரில் பாதி புதைந்திருந்தாலும் இதுவே வழி.

வயிற்றுக்குள் போயிருந்தால் அறுவை சிகிச்சைதான். தொந்தரவு எதுவும் இல்லையே, எதற்கு வெட்ட வேண்டும் என்று தோன்றும். செம்பு சும்மா இருக்காது, சுற்றியுள்ள சதையை எரிச்சலூட்டி ஒட்டவைக்கும். குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத் திரையில்தான் பெரும்பாலும் சிக்கியிருக்கும். அங்கிருந்து குடலுக்குள் துளைத்தால் தொல்லை பெரிது. சிறுநீர்ப்பைக்குள் போனால் அதன்மேல் கல் படியும். மாதத்துக்கு ஒரு தரம் சிறுநீர்த் தொற்று வந்து, ஆன்டிபயாடிக் சாப்பிட்டு, மறுபடி வருகிற பெண்ணுக்கு எப்போதோ லூப் போட்ட கதை இருந்தால் அதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். அதனால்தான் தொந்தரவு இல்லாவிட்டாலும் எடுத்துவிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெரும்பாலும் லேப்பராஸ்கோப்பிதான். தொப்புளருகே ஒரு துளையில் கேமரா, பக்கத்தில் ஓரிரு சிறு துளைகளில் கருவி. வயிற்றை உப்பவைக்க வாயு செலுத்துவதால், எழுந்த பிறகு இரண்டு மூன்று நாள் தோள்பட்டை வலிக்கும். இந்தத் தோள் வலி ஆபத்தில்லை, நடந்தால் குறையும். கருப்பையில் விழுந்த பழைய துளை அநேகமாகத் தானாகவே மூடியிருக்கும். குடலையோ சிறுநீர்ப்பையையோ துளைத்திருந்தால் மட்டும் பெரிய அறுவை தேவைப்படலாம்.

இதை மாவட்ட மருத்துவமனை எல்லாவற்றிலும் செய்வதில்லை. சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு ஆர்.கே. கான், ஃபீனிக்ஸ்காரர்களுக்கு மகாத்மா காந்தி மெமோரியல் என்றுதான் முதல் சீட்டு போகும். அங்கிருந்து தேவைப்பட்டால் கேட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். லுத்துலிக்குச் சீட்டு இல்லாமல் நேரே போய் நிற்க முடியாது. போகும்போது எக்ஸ்ரே படத்தின் பிரதியும் ரிப்போர்ட்டும் உங்கள் கையில் இருக்கட்டும். மருத்துவமனைகளுக்கு இடையே படம் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பி உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து எக்ஸ்ரே வரிசை.

நம்மவர்களிடம் இன்னொரு வழக்கம். புரட்டாசி விரதம் முடியட்டும், தீபாவளி கழியட்டும், தைப்பூசக் காவடி போகட்டும் என்று தேதியைத் தள்ளுவார்கள். அரசு மருத்துவமனை அறுவைப் பட்டியலில் ஒரு தேதியை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், போய்ப் படுங்கள்.

கர்ப்பமாகியிருந்தால்

காப்பர் டி இருக்கும்போதே கரு தங்குவது அபூர்வம். தங்கினால், அது கருப்பைக்கு வெளியே தங்கியிருக்கக்கூடிய வாய்ப்பு மற்ற கர்ப்பங்களைவிட அதிகம். எனவே அந்த வாரமே ஸ்கேன். கரு உள்ளேதான் இருக்கிறது, நூலும் தெரிகிறது என்றால், 12 வாரத்துக்குள் காப்பர் டியை எடுத்துவிடுவது நல்லது. எடுக்கும்போது கரு கலையும் சிறு அபாயம் உண்டு. எடுக்காமல் விட்டால் கலைவதற்கும், தொற்றுக்கும், குறைமாதப் பிரசவத்துக்கும் வாய்ப்பு அதைவிட அதிகம். நூல் எட்டவில்லை என்றால் விட்டுவிட்டுக் கவனமாகப் பார்த்துக்கொள்வார்கள். பிரசவத்தில் அது வெளியே வந்ததா என்று கேட்டு எழுதி வாங்குங்கள், வரவில்லை என்றால் மறுபடி எக்ஸ்ரே.

கர்ப்பம் வேண்டாம் என்றால், 1996ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி 12 வாரம் வரை பெண் கேட்டாலே போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டர்பன் நகரத்து விளக்குக் கம்பங்களில் ஒட்டியிருக்கும் 'ஒரே நாளில், வலியில்லாமல்' நோட்டீஸ் எண்ணுக்கு மட்டும் போன் போடாதீர்கள். கரு குழாயில் இருந்தால் அவர்கள் தரும் கருக்கலைப்பு மாத்திரை அதைக் கலைக்காது. உதிரம் போவதைப் பார்த்து முடிந்துவிட்டது என்று நினைத்து வீட்டில் படுத்திருப்பீர்கள், குழாய் வெடிக்கும்.

கையில் வைத்த குச்சி காணாமல் போனால்

2014இல் அரசு கிளினிக்குகளில் இம்ப்ளானான் என்ற கருத்தடைக் குச்சி வந்தது. 4 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன், மேல்கையின் உட்புறம் தோலுக்கு அடியில். விரலால் தடவினால் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஆழமாகப் போயிருக்கிறது, அல்லது நகர்ந்திருக்கிறது. இதில் ஒரே ஒரு விதிதான்: எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ பார்க்காமல் யாரையும் கத்தி வைக்க விடாதீர்கள். அந்த இடத்தில் நரம்பும் ரத்தக்குழாயும் ஓடுகின்றன. தோண்டித் தேடியதில் விரல் மரத்துப்போனவர்கள் உண்டு. கையில் எங்குமே இல்லை என்றால் மார்பு எக்ஸ்ரே எடுப்பார்கள். அபூர்வமாக ரத்த ஓட்டத்தோடு நுரையீரல் வரை போனதுண்டு. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் அல்லது எச்ஐவிக்கு எஃபாவிரென்ஸ் சாப்பிடுபவர்களுக்கு, குச்சி இடத்திலேயே இருந்தாலும் கருத்தடைப் பலன் குறையும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பணம், பதிவு, புகார்

அரசு மருத்துவமனையில் வருமானத்தைப் பொறுத்துத்தான் கட்டணம், சம்பளச் சீட்டோ வேலையில்லை என்ற பிரமாணப் பத்திரமோ கொண்டுபோங்கள். மெடிக்கல் எய்டு வைத்திருப்பவர்கள் பில்லில் இருக்கும் குறியீட்டைப் பாருங்கள். இசட் 30.5 என்று போட்டால் அது வழக்கமான லூப் பரிசோதனை, கருத்தடைக்குப் பணம் தராத திட்டம் என்றால் கையை விரித்துவிடும். இடம் மாறியதால் வந்த சிக்கலுக்கு டி (T) 83.3 என்ற குறியீடு இருக்கிறது. உண்மையில் நடந்தது அதுதான் என்றால் டாக்டரிடம் அதையே எழுதச் சொல்லுங்கள், அறுவைக்கு முன் அனுமதி எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். கருப்பைக்கு வெளியே கரு என்றால், எந்தத் திட்டமாக இருந்தாலும் குறைந்தபட்சப் பலன்கள் பட்டியலில் அது வருகிறது, மறுக்க முடியாது.

துளைத்தது எல்லாமே போட்டவரின் தவறு அல்ல. கவனமாகப் போட்டாலும் நடக்கும். தவறு பெரும்பாலும் அதற்குப் பிறகு நடக்கிறது: நூல் இல்லை என்று சொன்ன பெண்ணைத் திரும்பத் திரும்ப வெறுங்கையோடு அனுப்புவது, எக்ஸ்ரே எடுக்காமல் இன்னொரு லூப்பைப் போட்டுவிடுவது. அப்படி நடந்திருந்தால் முதலில் மருத்துவமனைப் புகார்ப் பிரிவில் எழுத்தில் கொடுங்கள். பதில் திருப்தி இல்லை என்றால் ஹெல்த் ஆம்பட் (சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் அதிகாரி). டாக்டர்மீது என்றால் டாக்டர்களைப் பதிவு செய்யும் கவுன்சிலான ஹெச்பிசிஎஸ்ஏ, நர்ஸ்மீது என்றால் நர்சிங் கவுன்சில். உங்கள் மருத்துவப் பதிவுகளின் பிரதியைக் கேட்டு வாங்கும் உரிமை உண்டு, தகவல் பெறும் சட்டப்படி 30 நாளில் பதில் தர வேண்டும்.

இழப்பீடு கேட்க நினைத்தால் காலக்கெடுவில்தான் பலர் தோற்கிறார்கள். அரசு மருத்துவமனை என்றால் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். வழக்கு, பொதுவாக விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடத்துக்குள். உடம்பு தேறட்டும் என்று காத்திருக்காமல் வக்கீலை முன்பே பார்த்துவிடுங்கள்.

எடுத்த பிறகு

சில வாரம் உதிரமும் இழுக்கும் வலியும் இருக்கும். காய்ச்சலோ, வலி கூடிக்கொண்டே போவதோ கூடாது. எடுத்த நாளிலிருந்தே கரு தங்கலாம், அதனால் மருத்துவமனையை விட்டு வருவதற்கு முன்பே மாத்திரையா, ஊசியா, ஆணுறையா என்று முடிவு செய்துவிடுங்கள். மறுபடி லூப் போடலாமா என்றால், போடலாம். கருப்பைச் சுவர் ஆறுவதற்கு எவ்வளவு காலம் விட வேண்டும் என்பதை எடுத்த டாக்டரே சொல்லட்டும். அடுத்த முறை அனுபவமுள்ள கையாகத் தேடி, போட்ட நாலு முதல் ஆறு வாரத்தில் ஒரு ஸ்கேன் எடுத்து இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.